நிலை: துரு

ஞாயிறு பின்னேரம் உவர்மலை வாடகை அறையில்
விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவேன்.
காற்றடித்தால் பறக்கும் என் சொத்து,
அத்தனை மெல்லிசு.
றோணியோ மையில் ஒன்று, சுவரொட்டிக் கடதாசியில் ஒன்று,
கலியாணக் கார்ட் மிச்சத்தில் அட்டை போட்டது ஒன்று:
உட்புறம் திருப்பினால்
யாரோ ஒரு மணமகளின் பாதிப் பெயர்.

"பேய்க்கதையா தம்பி?" என்கிறார்
வீட்டுக்காரர் பெனடிற்.
பேய் வந்தால் நான் வாங்கமாட்டேன், ஐயா.
இதில் ஒரு கதவு உப்புத் தின்கிறது.
இதில், கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்
வெள்ளிக்கு வெள்ளி
ஒரு புள்ளி குறைந்து திரும்புகிறது.
ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை.
அந்தச் சொல்லாமைக்காகத்தான்
கிண்ணியாவுக்கு மூன்று தரம் பஸ் ஏறினேன்.

எண்பது பிரதி, மிஞ்சினால் நூற்றிருபது.
அச்சடித்தவன் கடனாளி.
எழுதியவனுக்குப் புனைபெயர், அதுவும் இதழுக்கு இதழ் வேறு.
வாங்கியவன் இடம்பெயர்ந்தான்.
ஆகவே பட்டியல் போடுகிறேன்,
சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து:
பெயர், வெளியீடு, ஆண்டு, பக்கம்,
யாரிடம் உள்ளது, நிலை.

போட்டோக்கொப்பி எடுத்து
மட்டக்களப்பு பஸ்ஸில் ஒன்று கொடுத்துவிடுவேன்,
வவுனியாவுக்கு ஒன்று.
திரும்பி வரும்போது ஓரமெல்லாம் சண்டை.
ஆண்டு பிழை.
அட்டை நீலமில்லை, கத்தரிப்பூ.
என்னிடம் இரண்டு உண்டு, தரமாட்டேன்.
இது மூதூர் நளீம்.
கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

நாற்பத்தோராம் வரி மட்டும் வெறுமை.
பாசி வெளியீடு, ஏழாவது.
எல்லோரும் வாசித்திருக்கிறார்கள்,
எவரிடமும் இல்லை.
சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள்
ஒருவன் போய்க் கூப்பிடுவான்.
எதிரொலி முதல்நாளே வந்திருக்கும்.

முப்பத்திரண்டு பக்கம், கடைசியில் அவன்
கூப்பிடாமலே வெளியே வருகிறான் என்கிறான் நளீம்.
இல்லை, எதிரொலியில் வேறொருவர் பெயர் கேட்கிறது:
மட்டக்களப்பு செல்வறதி.
கதை முடியவில்லை, கடைசிப் பக்கம் வெள்ளை என்கிறார்
வவுனியாக் கணக்காளர்.
நான் வாசித்தது உட்துறைமுக வீதிச் சலூனில்.
பாதியில் என் முறை வந்தது.
தலையைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால்
வாங்கில் புத்தகம் இல்லை.
இதைப் பட்டியலில் எழுதவில்லை.

போன மாசியில் சல்லியிலிருந்து ஒரு கடித உறை.
தில்லைமலர் என்று பெயர்.
"ஏழாவது அண்ணனிடம் இருந்தது.
கடல் வந்த அன்று அலுமாரியோடு போனது.
அலுமாரி கிடைத்தது.
கீழ்த்தட்டில் இவை ஒட்டிக்கொண்டிருந்தன."
அண்ணனைப் பற்றி வேறு ஒரு வரியும் இல்லை.
மடிப்புக்குள்
புத்தகம் குத்தும் கம்பி, இரண்டு.

பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.
உப்புத் தின்ற செம்மண் நிறம்.
ஆனாலும் கால் மடிந்த இடம் மடிந்தபடியே,
எதையோ இன்னும் பிடித்திருக்கிற பாவனை.
பிடிக்கும் முதுகுக்கும் இடையில்
ஒன்றரை மில்லிமீற்றர்.
பன்னிரண்டு தாள், ஓர் அட்டை.
மடித்தால் நாற்பத்தெட்டுப் பக்கம்.
நளீமின் கணக்குப் பிழை.
வவுனியாக்காரரின் வெள்ளைப் பக்கத்துக்கு
இடம் இருக்கிறது.

விளக்கை அணைக்காமல் எழுதினேன்:
நாற்பத்தொன்று. பாசி, ஏழாவது. பக்கம் 48.
யாரிடம் உள்ளது: தில்லைமலர், சல்லி.
நிலை: துரு.

திங்கட்கிழமை
பஞ்சில் பொதிந்து, பதிவுத் தபாலில்
அவளுக்கே திருப்பி அனுப்பப் போனேன்.
உள்ளே என்ன என்றாள் தபால்கந்தோர்ப் பெண்.
புத்தகம் என்றேன்.
தராசில் வைத்தாள். முள் அசையவில்லை.
என்னை ஒருமுறை பார்த்தாள்,
உறையை ஒருமுறை.
பிறகு புத்தகத்துக்கான முத்திரையையே
நாவால் நனைத்து ஒட்டினாள்.