சுழி

வண்டியின் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்து,
மறந்தால் கதவைக் கடலில் போய்ப் பொறுக்கிக்கொள்.
படகோனியாவில் கியர் போடக் கற்பிக்கும் முன்
இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

காபோ விர்ஹெனெஸ் போகும் ஜல்லிப் பாதையை விட்டிறங்கி
ஆட்டுப்பண்ணையின் மூன்று படல்களைத் திறந்து, மூடி,
வந்துசேர்ந்தோம் நானும் ஒஃபேலியா பாரியாவும்.
எனக்கு டயர் கடை. பறவை தெரியாது.
அவளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
எழுத ஒரு கை வேண்டும் என்றாள்,
டீசல் தன் செலவு என்றாள்.

தேடுவது சாம்பல் உப்புக்கொத்தி.
உலகத்துக்கே சில நூறு மிச்சமாம்.
சேற்று நிறத்தில் உடம்பு,
கால் மட்டும்
அன்று பிறந்த ஆட்டுக்குட்டியின் ஈறு நிறம்.
"காலைப் பார், செவேரோ. உடம்பைத் தேடாதே."

கடல் எங்கோ போயிருந்தது,
பாத்திரம் கழுவாமல் எழுந்து போனவர்போல.
நான் கை காட்டினேன்.
கல், என்றாள்.
மறுபடி காட்டினேன்.
கல்.
அதோ, நகர்கிறதே!
பிளாஸ்டிக் பை.
பிறகு நிஜமாகவே ஒரு பறவை,
செத்து ஒரு வாரமான கடற்காகம்.
மேட்டில் ஒரு குவானாக்கோ எங்களையே பார்த்து நின்றது.
அதை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மூன்று மணி நேரம்.
காற்றில் எனக்குக் கண்ணீர் வழிந்தது.
அவளுக்கும் வழிந்தது.
காற்றுதானா என்று நான் கேட்கவில்லை.

உப்பேரி கடலுக்குள் வடிகிற வாயோரம்
ஈரச் சேற்றில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம்.
நாலடி தள்ளி இன்னொன்று.
ஒஃபேலியா முட்டி போட்டாள்.
நின்ற இடத்திலேயே சுற்றுமாம் இந்தப் பறவை,
காலால் கிளறிக் கிளறி,
சாவியைத் தொலைத்தவன் தன் வாசலிலேயே சுற்றுவதுபோல,
புழு மேலே வரும்வரை.
"காலையில் இங்கே இருந்திருக்கிறது.
விளிம்புகூட இன்னும் இடியவில்லை."
மாவுக்கட்டின் நுனியால்
வட்டத்தைத் தொடப் போனவள்
தொடாமல் எழுந்தாள்.

தாளைப் பிரித்தேன்.
போன வருடம் ஏழு. அதற்கு முன் பத்தொன்பது.
ஏழின் வயிற்றில் ஒரு சிறு கோடு, அவள் வழக்கம்.
இந்த வருடக் கட்டம் வெறுமையாக இருந்தது.
இருந்திருக்கிறது என்று எழுதட்டுமா?
கட்டம் எண்ணுக்கு மட்டும்தான், என்றாள்.
அதுவும் கண்ணால் பார்த்த எண்ணுக்கு.
சுழி போடு.

வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும்
காது இரண்டும் திடீரென்று எங்களுடையவை ஆயின.
இடது கையால் அவள் மாத்தே ஊற்றினாள்,
பாதி என் முழங்காலில்.
பேனா குளிரில் விறைத்துக் கிடந்தது.
கட்டத்துக்குள் வைத்துச் சுற்றினேன்.
மை வரவில்லை.
மறுபடி, அதே இடத்தில்,
அழுத்திச் சுற்றினேன்.
மறுபடி.
தாள் குழிந்தது,
நிறமில்லாமல் ஒரு வட்டம் விழுந்தது.

கண்ணாடிக்கு வெளியே நீர் ஏறிக்கொண்டிருந்தது.
ஒஃபேலியா என் கையையே பார்த்திருந்தாள்,
மூச்சை அடக்கி,
அசைந்தால் பறந்துவிடும் என்பதுபோல.