எழுதியாயிற்று

பரோயே தீவில், கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
கடலின் ஏற்ற இறக்கத்தை அளக்கிற பார்துர்
எழுதியிருந்தார்:
இரண்டு லட்சத்துச் சொச்சம் கோப்புகளில்
ஒன்று மட்டும் வெறுமையாக இருக்கிறது.
மார்ச் பதினான்கு.
பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது,
உள்ளே பூஜ்யம்.
மன்னிக்கவும், அவசரமில்லை.

அவசரமில்லை என்கிறவர்களால்தான்
எனக்குத் தூக்கம் போகும்.

மாரிபோர் நகரத்தில் பகல் முழுக்க
தண்ணீர் மீட்டர்களைச் சோதிக்கிறவள் நான்.
இரவில், சம்பளம் இல்லாமல்,
யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய
ஒரு மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறேன்.
தூக்கிப்போட இருந்த கணினி, நாலு வட்டு, ஒரு கம்பி:
வீட்டுக்கொரு கிடங்கு தயார்.
பதினோராயிரம் வீடுகளில் ஓடுகிறதாம்.
எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

வட்டுதான் செத்திருக்கும் என்றான்
ரெசிஃபியிலிருந்து வால்டெமிர்.
வட்டின் மேல் பழியைப் போடுவது எங்கள் வழக்கம்.
வட்டு எதிர்த்துப் பேசாது.

ரொட்டிப் பலகையை நகர்த்திவிட்டு
பழைய பெட்டி ஒன்றை அங்கே வைத்தேன்.
எழுது என்றேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே
மெயின் சுவிட்சை அணைத்தேன்.
போட்டேன். எண்ணினேன். எல்லாம் சரி.
அணைத்தேன்.
முப்பதாவது தடவை எதிர்வீட்டு ஸ்தெஃப்கா போனில் கூப்பிட்டு
ஜன்னல் வழியாக யாருக்கடி சைகை காட்டுகிறாய்
என்றாள்.

நாற்பத்தொன்றாவது தடவை
பெயர் இருந்தது, தேதி இருந்தது,
உள்ளே பூஜ்யம்.

எழுதியாயிற்று என்று
வாய் கூசாமல் அது சொன்ன கணத்தில்
எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.
கடலின் அளவு இன்னும்
நினைவகத்தில், வாசல் தாண்டாமல்,
செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.
சோற்றில் மறைத்தது முழுப் பூசணிக்காய் இல்லை.
கடுகளவு. அரை நொடி.
அந்த அரை நொடிக்குள் கிளாக்ஸ்விக்கில்
மின்சாரம் போயிருக்கிறது.

இந்த வரியை எழுதியது யார் என்று கேட்க
ஒரு கட்டளை உண்டு.
வால்டெமிராக இருக்கட்டும் என்று
நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

விளாஸ்தா கோரென்யாக்.
ஒன்பது வருடம் முன்பு, விடிகாலை மூன்று பத்து.
பக்கத்தில் என் கையாலேயே ஒரு குறிப்பு:
வேகத்துக்காக. பிறகு பார்க்கலாம்.

அன்றைக்கு எத்தனை பாராட்டு!
இரண்டு மடங்கு வேகம் என்று
கிராஸிலிருந்து ஒருவர் கேக் அனுப்பினார்.
சாப்பிட்டேன்.

திருத்தம் ஒரே ஒரு சொல்தான்.
வட்டு தலையாட்டும்வரை காத்திரு.
மூன்றில் ஒரு பங்கு வேகம் போயிற்று,
மறுநாளே வசவு வரத் தொடங்கிற்று.
டுனிடினிலிருந்து ஹினேமோவா ஒரு விசை சேர்த்தாள்,
பழைய வேகம் வேண்டுகிறவர்கள்
தெரிந்தே தட்டிக்கொள்ள.
அதற்கு ‘துரிதம்’ என்று பெயர் வைத்தாள்.
நான் அடித்துவிட்டு ‘பொய்’ என்று வைத்தேன்.
கொஞ்சம் மரியாதையாக ஏதாவது, என்றான் வால்டெமிர்.
‘நம்பிக்கை’ என்றார் முன்பின் தெரியாத ஒருவர்,
கேலியா என்று இதுவரை விளங்கவில்லை.
நாலு நாள் சண்டைக்குப் பிறகு
‘காத்திராமல் சொல்’ என்று நின்றது.
முதலில் அணைந்தே இருக்கும்.
எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பார்துருக்கு எழுதினேன்:
அந்த நாளைத் திருப்பித்தர முடியாது,
தவறு என்னுடையது,
வரி எண் எழுநூற்றுப் பன்னிரண்டு.

பதில் ஒரு வாரம் கழித்து வந்தது.
முந்தின நாளையும் மறுநாளையும் வைத்து
நடுவில் ஓர் எண் போட்டுவிடலாம் என்கிறார்கள்.
போடவில்லை. அன்றைக்கும் கடல் இருந்தது,
எவ்வளவு என்று தெரியாது, அவ்வளவுதான்.
பிறகு, கீழே:
புதிய பதிப்பு கொஞ்சம் மெதுவாக இருக்கிறது.
மன்னிக்கவும், அவசரமில்லை.