ஒப்பந்தப்புள்ளி

முதல் தடவை தோற்றது பதினேழாம் பக்கத்தில்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில்
அதில் மட்டும் என் கையெழுத்து இல்லை.
துளசிங்கம் தின்ற மசால்வடையின் எண்ணெயில்
பதினாறும் பதினேழும் ஒட்டிக்கொண்டிருந்தன.
"நிராகரிக்கப்பட்டது" என்று
ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

இரண்டாம் தடவை பதினோரு ரூபாய்.
பலகை ஒன்றுக்குப் பதினோரு ரூபாய்
குறைத்துப் போட்டவன்
எந்தக் கடையில் எந்தத் தகடு வாங்குகிறான் என்று
பட்டரவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
அன்றிரவு நானும் குறைத்துப் பார்த்தேன்:
தகட்டில் கால் மில்லி,
பெயிண்டில் ஒரு கோட்டு,
துளசிங்கத்தின் சனிக்கிழமைக் கூலி.
பிறகு அழித்தேன்.
அழித்ததை நல்லதனம் என்று சொல்லமாட்டேன்.
கோபம்தான்.

அவன் மாட்டிய பலகைகளைப்
பார்க்கப் போனேன், ஆறு மாதம் கழித்து,
வேலை வெட்டி இல்லாதவள் மாதிரி.
கடற்கரையோரம் உப்புக்காற்று
ஸ்டிக்கர் எழுத்துகளை உரிக்கத் தொடங்கியிருந்தது.
முதலில் விழுவது புள்ளிகள்.
எல்லையம்மன் தெரு
எலலையமமன தெரு ஆகியிருந்தது.
எழுத்துக்கூட்டப் பழகிய ஒரு பையன்
அதை அப்படியே உரக்கப் படித்தான்.
மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
போட்டோ எடுத்தேன்.

மூன்றாம் தடவை
கூட்டத்துக்குப் போனேன்.
டெண்டருக்கு முன்னால் சந்தேகம் கேட்க ஒரு கூட்டம் உண்டென்றே
இரண்டு முறை தோற்ற பிறகுதான் தெரிந்தது.
ரிப்பன் மாளிகையின் பின்கட்டில்
பதினெட்டு நாற்காலி, ஐந்து பேர்.
டீ நன்றாயிருந்தது.
எழுந்து நின்று கேட்டேன்:
"எழுத்து ஒட்டுவதா, அச்சிடுவதா?
விவரக்குறிப்பில் இல்லையே, மேடம்."
உதவிப் பொறியாளர் என் போனை வாங்கி
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
அந்தத் தெரு அவருடைய வார்டு என்று
எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதாம் நாள் திருத்தம் வந்தது:
எழுத்துகள் அச்சிடப்பட வேண்டும்.
ஒட்டக்கூடாது.
ஒரு வரி.
பதினோரு ரூபாயின் கதை அந்த வரியில் முடிந்தது.

முன்வைப்புத் தொகைக்கு
நகை எதுவும் அடகு போகவில்லை இந்த முறை.
சிறுதொழில் சான்றிதழைக் காட்டினால் போதும்,
கட்டத் தேவையில்லையாம்.
முதல் இரண்டு முறையும் கட்டினேனே என்றேன்.
"கேட்டிருக்கலாமே அக்கா" என்றாள்
கம்ப்யூட்டர் சென்டர் நஸீமா,
டாங்கிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியபடி.

மூன்று மணிக்குக் கெடு.
இரண்டு ஐம்பத்தொன்றுக்குக் கையெழுத்து ஏறவில்லை.
ஐம்பத்தி நாலுக்குக் கரண்ட் போய் வந்தது.
ஐம்பத்தி ஏழுக்கு
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
விலையில் தசமப் புள்ளி
இடம் மாறிவிட்டதோ என்று
அப்போது பார்த்து எனக்குச் சந்தேகம்.
நஸீமா என் கையைத் தட்டிவிட்டாள்.
பச்சையில் ஒரு எண் வந்தது.
அதை இரண்டு பேரும்
தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டோம்.

விலை உறை திறந்த அன்று
எங்கள் பெயர் முதல் வரியில்.
துளசிங்கம் ஸ்க்ரீனைத் தொட்டுப் பார்த்தான்,
பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல்.

அறுநூற்று நாற்பது பலகைகள்.
ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும்
குன்றிமணி அளவில் கறுப்பு.
எல்லையம்மன் தெருவுக்கு நானே போய்
நகத்தால் சுரண்டினேன்.
வரவில்லை.

பில்லும் வரவில்லை.
இன்று தொண்ணூற்று நாலாம் நாள்.
பேங்க்காரர் தினமும் குட்மார்னிங் அனுப்புகிறார்,
ரோஜாப் பூவோடு.
நாற்பத்தைந்து நாளில் தரவேண்டும் என்ற சட்டத்தை
அச்செடுத்து
மனுவோடு பின் குத்தியிருக்கிறேன்.

அடுத்தது பள்ளிக் கழிவறைக் கதவுகள்.
நூற்று நாற்பத்தொரு பக்கம்.
எச்சில் தொட்டு ஒவ்வொன்றாய்ப் பிரித்து
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
துளசிங்கம் வெளியே நிற்கிறான்,
வடையோடு.