கூட்டக் குறிப்பில் ஏறாதவை

முன்மொழிந்தவர்: வெண்டல் ஓக்ஸ்.
வழிமொழிந்தவர்: திருமதி டுகெட்.
ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று.
இவ்வளவுதான் என் வேலை.
யார் பெருமூச்சு விட்டார்,
யார் மேஜைக்கடியில் ஈரபூட்ஸைக் கழற்றினார் என்பதெல்லாம்
குறிப்பில் ஏறுவதில்லை.

நவம்பர், இரண்டாம் செவ்வாய்.
நகர மன்றத்தில் ஹீட்டரை நிறுத்திவிட்டதால்
தீயணைப்பு நிலையத்தில், வண்டியை ஒட்டி நாற்காலி போட்டுக் கூட்டம்.
சுப்பீரியர் ஏரியின் காற்று கதவிடுக்கில் விசில் அடித்தது.
வரவுக்கும் செலவுக்கும் நடுவே
நாற்பத்தோராயிரம் டாலர் துண்டு விழுகிறது என்றார் வெண்டல்.
ஏதோ மேலிருந்து விழப்போவதுபோல
எல்லோரும் ஒருமுறை கூரையைப் பார்த்துக்கொண்டோம்.

பிறகு கழித்தல்.
நூலகம், வியாழன் மட்டும்.
தெருவிளக்கு, ஒன்று விட்டு ஒன்று.
நீரேற்று நிலையத்தில் இரவு ஆள் இல்லை,
ஏதாவது ஆனால் ஆர்லோவின் கைபேசி அடிக்கும்,
அவர் எழுந்தால் சரி.
எழுத்தர் டெல்லா பெங்கெலி, வாரம் பதினெட்டு மணி நேரம்.
அது நான்தான். பெங்கெல்லி.
வரைவில் விட்டுப்போயிருந்த ஒரு 'ல்'லை மட்டும்
சேர்த்துக்கொண்டேன்.
அன்றிரவு கூட்டப்பட்டது அது ஒன்றுதான்.

பனி தள்ளும் வண்டிகளுக்கு
மூன்று ஓட்டுநர் இருந்த இடத்தில் இனி ஒன்றரை.

கடைசி வரிசையில் ராய் கஸ்கேலா எழுந்தார்.
"நான் ஒன்றா, அரையா?"
யாரும் சிரிக்கவில்லை.
"அரை என்றால் எந்தப் பாதி?
பிரேக் மிதிக்கக் கால் வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்."
நான் எழுதியது:
பொதுமக்களில் ஒருவர் விளக்கம் கோரினார்.
விளக்கம் அளிக்கப்பட்டது.

அரை அவர்தான்.
ஒன்று, டேரில். வயது இருபத்திரண்டு, சம்பளம் குறைவு.
மூன்றாவது ஆளான லீனா ஹூபர்ட்டுக்கு ஒரு கடிதம்.
நானே தட்டச்சு செய்து, நானே முத்திரை குத்தி,
நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்,
தபால்தலை மிச்சம்.
படித்துவிட்டு சாவிக்கொத்தைக் கழற்றித் தந்தாள்.
தகர மீன் தொங்கும் கொத்து.
மீன் அவளுடையது, சாவி ஊருடையது.
டிசம்பரில் ஞாபகம் வந்து மீனைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதில் என்னென்ன கோத்திருந்தது என்று
நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜனவரியில் மூன்று நாள் விடாத பனி.
ராயின் வார மணிநேரம் புதன்கிழமையே தீர்ந்துபோயிற்று.
டேரில் கண் சொருகும்வரை ஓட்டிவிட்டுத் தூங்கப் போனான்.
இரவு இரண்டேகாலுக்கு
என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
மஞ்சள் வெளிச்சம் சுவரில் சுழன்று நகர்ந்தது.
இரும்புத் தகடு தாரை உரசும் சத்தம்
எரியாத கம்பங்களின் பக்கமாகவே போய்,
விடிந்தால் டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டிய
மெக்காலே வீட்டு வாசலில் நின்று,
பின்வாங்கி, மறுபடி ஒருமுறை வழித்தது.
ராய் அப்படிப் பின்வாங்க மாட்டார்.
டேரிலுக்கு அந்த வீடே தெரியாது.

மாதக் கடைசியில்
பணிநேரத் தாளில் அந்த இரவு இல்லை.
டீசல் புத்தகத்தில் இருந்தது: பதினேழு கேலன் அதிகம்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
கசிவு, என்று எழுதினேன்.

பிப்ரவரிக் கூட்டம்.
டீசல் தொட்டி கசிகிறதாமே, என்றார் வெண்டல்,
மண்ணில் இறங்கினால் அபராதம் யார் கட்டுவது?
சோதிக்க வெளியூர் நிறுவனம் ஒன்று.
இரண்டாயிரத்து நானூறு டாலர்.
இதற்குத் துண்டு விழவில்லை.
முன்மொழிந்தவர்: வெண்டல் ஓக்ஸ்.
வழிமொழிந்தவர்: திருமதி டுகெட்.
எதையும் எதிர்க்கும் டுவேன் பார்ட்டில்கூடக் கை தூக்கினார்.
ஆதரவு ஐந்து.

பின்வரிசையில் லீனா இருமினாள்.
நான் தலை நிமிரவில்லை.
என் பதினெட்டு மணி நேரம் முடிந்து
இருபது நிமிடம் ஆகியிருந்தது,
எழுதிக்கொண்டிருந்தேன்.