கருத்து ஏதும் இல்லை

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பது மணி,
காப்பி, சுடச்சுட வாஃபிள்,
பாதுகாப்புக் குழுக் கூட்டம்.
குறிப்பெழுதுவது என் வேலை.
கடைசி வரி எனக்கு மனப்பாடம்:
'தொழிலாளர் தரப்பில் கருத்து ஏதும் இல்லை.'
பதினான்கு மாதம் கையால் எழுதினேன்.
பதினைந்தாவது மாதம் நகலெடுத்து ஒட்டினேன்.

வாராங்கெர் கடலோரம் எங்கள் மீன் ஆலை.
நவம்பர் கடைசியில் சூரியன் விடுப்பில் போய்விடும்.
பகலில் வெட்டுகிறவர்கள் நாற்பது பேர்,
இரவில் கழுவுகிறவர்கள் நான்கு பேர்.
அவர்கள் போன பிறகுதான் நாங்கள் வருவோம்.
தரை ஈரமாக இருக்கும்,
யாரோ இருந்தார்கள் என்பதற்கு
அது ஒன்றே சாட்சி.

சுவரில் எட்டு மொழிகளில் அறிவிப்பு:
'ஆபத்தைக் கண்டால் சொல்லுங்கள்.'
யாரிடம் என்று இல்லை.
எப்போது என்று இல்லை.
கீழே ஒரு பூட்டிய பெட்டி.
சாவி மேலாளர் தொர்கெய்ரின் இழுப்பறையில்,
அவர் அதை மறந்து மூன்று வருடம்.

குன்வோர் மீன் வெட்டுகிறவள், பாதுகாப்புப் பிரதிநிதி,
பதினொரு கைகள் உயர்ந்து தேர்வானவள்
(மற்ற கைகளில் கத்தி இருந்தது).
ஒரு மாலை விளக்குமாறு தேடி
துப்புரவு அலமாரியைத் திறந்தாள்.
கதவின் உள்பக்கம் ஓர் அட்டை.
பென்சிலில் தேதிகள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூக்கு.
சிறு மூக்கு, சிறு மூக்கு, நடுத்தர மூக்கு,
நேற்றைய தேதியில்
அட்டையின் ஓரம்வரை நீண்ட மூக்கு.
சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை.
மூன்றே கால் மணிக்கு
மூன்றாம் உறைகுளிர் அறையின் வாசலில்
குழாயும் கையுமாக நின்றிருந்தாள் தாங்குவோலே,
லிதுவேனியாக்காரி.
இருவருக்கும் பொதுவாக இருந்தவை இருபது சொற்கள்,
அதில் பாதி மீன்களின் பெயர்.
தாங்குவோலே தன் மூக்கைத் தொட்டாள்.
குன்வோர் மூச்சை இழுத்தாள்.
கண் எரிந்தது.

பிரதிநிதிக்கு வேலையை நிறுத்தும் உரிமை உண்டு.
சட்டத்தில் ஒரே ஒரு வரி,
இங்கே யாரும் தொட்டுப் பார்த்திராத வரி.
விடிந்தால் வெட்ட வேண்டிய நாற்பது டன் மீன்
கப்பலில் கிடந்தது.
அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

இரவுச் சட்டைமேல் மழைக்கோட்டோடு ஓடிவந்த தொர்கெய்ர்
'ஏன் முன்னமே சொல்லவில்லை?' என்றார்.
'நீங்கள் கேட்கவில்லை' என்றாள் தாங்குவோலே.
காற்றாடியின் இரைச்சலில்
அவருக்கு அதுவும் கேட்கவில்லை.
மறுபடி சொன்னாள்.

பழுது பார்க்க வந்தவர் கழற்றிக் காட்டியது
மோதிரத்தைவிடச் சற்றுப் பெரிய ரப்பர் வளையம்,
ஒரு பக்கம் நைந்தது.
உள்ளங்கையில் எடையே தெரியவில்லை.
என் மேசையில்தான் வைத்திருக்கிறேன்.
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
நான் குறிப்புத்தானே எடுத்தேன்.

இப்போது கூட்டம் காலை ஐந்தே முக்காலுக்கு,
இரவு முறைக்கும் பகல் முறைக்கும் நடுவே உள்ள இடுக்கில்.
வாஃபிள் கிடையாது,
அந்நேரத்தில் யார் சுடுவது?
முதல் நாள் குன்வோர் கேட்டாள்:
'வேறு ஏதாவது?'
என் பேனா பழக்கதோஷத்தில் கடைசி வரிக்குப் போயிற்று.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
காத்திருந்தாள்.
எவ்வளவு நேரம் என்பது குறிப்பில் இல்லை.
குளிரூட்டி இரண்டு முறை நின்று ஓடியது,
தொர்கெய்ர் செருமினார்,
எரித்ரியாவின் தெஸ்பாலெம் தன் நகங்களைப் பார்த்தான்.

தாங்குவோலே ஒரு காலைத் தூக்கி
நாற்காலிமேல் வைத்தாள்.
'பூட்ஸ்' என்றாள்.
'எல்லாம் நாற்பத்துமூன்று.
நான் முப்பத்தேழு.'

வாயுவைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்திருந்தோம்.
இரண்டு குளிர்காலமாக
சோப்பு நுரை வழியும் தரையில்
வேறு யாருடைய பாதங்களிலோ
நடந்திருக்கிறாள்.

எழுதினேன்.
சரியா என்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.
'முப்பத்தேழு' என்று திருத்தமாக இன்னொரு முறை சொன்னாள்.
தெஸ்பாலெம் மெல்லக் கையை உயர்த்தினான்.
பக்கத்தைத் திருப்பினேன்.