வடக்கு பார்த்த கூரை

சாட்ஸ்வர்த். ஜூலை. காலை ஒன்பது.
தகரக் கூரை ராத்திரிக் குளிரை இன்னும் விடவில்லை,
முழங்கால் வழியே ஏறுகிறது.
கீழே ஏணியைப் பிடித்தபடி ம்தோகோ
"எந்தப் பக்கம்?" என்கிறான்.
வடக்கு.
இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும்.
எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம்
இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.
தை பிறக்கையில் இங்கே தார் இளகும்,
ஆடியில் பேசினால் வாயில் ஆவி.

பூமி சூரியனை மிக நெருங்குவதும் ஜனவரியில்தான்.
ஆனால் வெயிலுக்குக் காரணம் நெருக்கம் அல்ல,
சாய்மானம்.
ஒரே பிடி மாவு:
அகலத் தேய்த்தால் ரொட்டி மெலியும்,
அளவாய்த் தேய்த்தால் தடிக்கும்.
குளிர்கால வெயில் அகலத் தேய்த்தது.
அதனால் சட்டத்தை நிமிர்த்தி
அதன் முகத்துக்கு நேராக முடுக்குகிறேன்.

வீட்டுக்காரி தேஷ்னி கோவெண்டர்.
பதினோரு வருஷமாக இரவு ஷிஃப்ட் நர்ஸ்.
ஏழரைக்கு வந்து, திரையை இழுத்து மூடி,
மாலை ஐந்துக்கு எழுவாள்.
எழும்போது அது போயிருக்கும்.
"இந்த சீசனில் நான் சூரியனைப் பார்ப்பது
மாசத்துக்கு நாலு நாள்" என்றாள்,
பல் துலக்கியபடி,
சட்டைப் பையில் ஆஸ்பத்திரிப் பேனா இன்னும் இருக்க.

பெட்டியில் இருபது கண்ணாடிக் குழாய்கள்.
பத்தொன்பதின் அடிநுனியில் வெள்ளிப் பூச்சு.
ஒன்று மட்டும் பால்போல் வெளுத்திருந்தது.
அதை எடுத்துத் தனியே வைத்தேன்.
"அதுக்கு என்ன?"
காற்று புகுந்துவிட்டது.
"காற்றுதானே?"
அக்கா, ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சுவர்.
நடுவில் ஒன்றுமே இருக்கக் கூடாது.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் காசு.
"இருபதாயிரம் ராண்டா, ஒன்றுமில்லாததுக்கு!"
சிரித்துக்கொண்டே தூங்கப் போய்விட்டாள்.

மிச்சத்தை நான் கூரைக்குச் சொன்னேன்.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரமும்
இதே ஒன்றுமில்லாததுதான்.
காற்றில்லை, சூட்டைக் கைமாற்றித் தர ஆளில்லை.
அவ்வளவு வெளிச்சம் போகும் வழி
அப்படிக் குளிர்ந்து கிடக்கிறது.
வெளிச்சம் எதன் மீதாவது முட்டி நிற்க வேண்டும்.
நிற்கிற இடத்தில்தான் அது சூடாகிறது.
தகரத்தில், கறுப்புப் பூச்சில்,
ம்தோகோவின் பிடரியில்.

நான் முதல் குழாயைச் சொருகியபோது கிளம்பியது
நாலாவதைச் சொருகும்போது வந்து சேர்ந்தது:
எட்டு நிமிஷம், கொஞ்சம் நொடி.
அதற்கு முன்னால்
சூரியனின் வயிற்றுக்குள்ளேயே இடித்துப் புரண்டு
வெளியே வர ஆயிரமாயிரம் வருஷம்;
லட்சம் என்பாரும் உண்டு.

பதினொன்றுக்குக் கூரை மனம் மாறியது.
முதலில் தகரம்.
தகரத்தைத் தொட்டுத் தொட்டுப் பிறகு காற்று.
காற்றுக்கு எப்போதும் இரண்டாம் கைச் சூடுதான்.
எதிர்வீட்டு நாய் அதற்கு முன்பே கண்டுபிடித்து
சிமெண்டுத் தரையில் வயிற்றை வைத்துக் கிடந்தது.

கீழே, மூடிய திரைக்குப் பின்னால்
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
மேலே, பத்தொன்பது ஒன்றுமில்லாதவை
வெளிச்சத்தை உள்ளே விட்டு
சூட்டை வெளியே விடாமல்
அவளுக்கான பகலைத்
தண்ணீரில் சேர்த்துக்கொண்டிருந்தன.

இருபதாவதை வியாழக்கிழமை கொண்டுபோய்ப் போட்டேன்.
அன்று மாலை ஐந்தரை, லோட் ஷெட்டிங்,
மலைச்சரிவில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை.
போனில் அவளுடைய குரல் பதிவு ஒன்று.
திறந்தால் வாளி நிறையும் சத்தம் மட்டும்,
பதினாறு நொடி.
வேறு ஒன்றுமில்லை.
இரண்டு தரம் கேட்டேன்.
பிறகு வண்டியின் பின்னால்
கந்தையில் சுற்றிக் கிடந்த அந்த வெளுத்த குழாயை
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்,
உருண்டு உடையாமல்.