ஒற்றைக்கால்

காலை ஏழேகால் ஏற்காடு பேருந்தில்
எனக்குக் கிடைத்தது ஒரு கால் வைக்கும் இடம்.
இன்னொரு காலின் இடத்தை
யாருடைய மூட்டையோ எடுத்துக்கொண்டது.

கையில் ஆணையர் அறிக்கைக்கான கட்டு:
நாகலூர் ஊற்றுத் தண்ணீர்.
குப்பாயிக்கும் கொழுந்தன் பொன்னானுக்கும்
பதினோரு வருஷ வழக்கு.
ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க
என்கிறார் ஆணையர்.
தமிழில் அதற்குப் பிடிவாதம் என்று பொருள்.

சவரிநாதன் சொன்ன கதையில் வேறு.
அவன் இன்னொரு வழக்கின் மூன்றாம் சாட்சி,
மலைமேல் குருமடத்தில் எபிரேயம் நடத்துகிறவன்,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்.
பெயர் கூப்பிடப்படாத நாட்களில்
சேலம் கோர்ட்டு வராந்தாவில்
என் தட்டச்சு மேசைக்குப்
பழைய யூத ஞானிகளை
வாய்தாவுக்கு ஒருவராக அழைத்துவந்தான்.

முதல் வாய்தாவில் ஷம்மாய்.
நான் ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள்
உங்கள் சட்டம் முழுவதையும் சொல்லுங்கள் என்று
வந்தவனை
முழக்கோலால் விரட்டினவர்.
எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.
மாலை ஐந்தே முக்காலுக்கு வந்து
நகல் இப்பவே வேணும் என்கிறவர்களை
நானும் அறிவேன்.

அதே ஆள், அதே காலோடு, ஹில்லேலிடம் போனான்.
உனக்குக் கசப்பதை
அடுத்தவன் இலையில் வைக்காதே, அவ்வளவுதான்,
மற்றதெல்லாம் இதன் விளக்கம்,
போய்ப் படி என்றாராம்.
அந்தக் கடைசி இரண்டு சொல்லைத்தான்
எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்றான் சவரி.

ஒன்பதாம் கொண்டை ஊசியில்
பேருந்து சாய்ந்தது.
என் முழு எடையும்
முன்னால் நின்றவளின் சுண்டுவிரல்மேல்.
அம்மா, என்றாள்.
நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.
சட்டம் முழுவதும் அங்கே கிடந்தது,
என் செருப்புக்கடியில்.

நாகலூரில் சங்கிலி பிடித்து அளந்தோம்.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகள்,
அட்டைக்கு உப்புத் தடவிய கால்கள்.
என் மாமனார் வெட்டின ஊத்து, என்றாள் குப்பாயி.
எங்க அப்பன் வெட்டினது, என்றான் பொன்னான்.
ஆணையர் இரண்டையும் எழுதச் சொன்னார்.
இரண்டும் ஒரே ஆள்.

சேர்வராயன் சாமி சத்தியமா,
இது என்னுது இல்லேன்னா
இந்தத் தண்ணி மேல ஏறி ஓடட்டும், என்றான்.

ஓடியிருக்கிறது ஒரு தடவை.
அடுப்பொன்று தீட்டா இல்லையா என்ற சண்டையில்
தனியாளாய் நின்ற எலியேசருக்காக
வாய்க்கால் திரும்பி ஓடியது, மரம் பெயர்ந்தது,
வானத்திலிருந்தே குரல் வந்தது.
யோசுவா எழுந்தார்:
தீர்ப்பு இப்போது வானத்தில் இல்லை.
வானத்துக் குரலுக்கு என்ன சாட்சி எண் போடுவது
என்று நான் கேட்டதற்கு
சவரி ரொம்ப நேரம் சிரித்தான்.
தோற்ற கடவுளும்
அன்று சிரித்தாராம்,
பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள் என்று.

எலியேசரை அதன்பிறகு விலக்கிவைத்தார்கள்.
அதைச் சொன்னபோது
அவன் சிரிக்கவில்லை.

நான் குனிந்து பார்த்தேன்.
தண்ணீர் கீழேதான் போனது,
எல்லைக்கல்லைத் தொட்டுக்கொண்டு.
கல்லில் ஒரு குழி, உள்ளங்கை அளவு.
நாற்பது வயதுவரை எழுத்தறியாத அக்கிவா
இப்படி ஒரு குழியைப் பார்த்துத்தான்
பிள்ளைகளோடு உட்கார்ந்து
முதல் எழுத்தைப் படித்தாராம்.
இங்கே தண்ணீர்
சர்வே எண்ணில் பாதியைத்
தின்று முடித்திருந்தது.

அறிக்கையைத் தட்டச்சு செய்தேன்.
எனக்குக் குப்பாயியைப் பிடிக்கும்;
அதனால் பொன்னான் சொன்னதை முதலில் அடித்தேன்.
ஹில்லேல் வீட்டார் அப்படித்தான்,
எதிராளியின் பேச்சை முன்னால் வைப்பார்களாம்.
தோற்றவர் சொன்னதையும்
அழிக்காமல் வைத்தார்களாம்,
எந்தக் காலத்துக்கு எது தேவைப்படுமோ.
எல்லைக்கல்: தேய்வு. எண்: பாதி.
சுண்டுவிரலுக்கு
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த வாய்தா பதினான்காம் தேதி.
அன்றாவது சவரியைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்கிறார்கள்.
கூப்பிட வேண்டாம் என்கிறது
ஒரு மனசு.